பூசை வைத்த பெட்டிகள்

சோதிலிங்கம் மாஸ்டர் நியூசிலாந்தில், ஒக்லண்ட் நகரின் மங்கரேயில் ஒரு சரக்குக் கொட்டகையில் விமானங்களுக்குப் பெட்டி கட்டினார். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் ஒரு பெட்டிக்கும் கயிறு போடமாட்டார். அதற்கு முன் பதினொரு வருடம் சாம்பியாவில், மின்சாரம் வராத கிராமமொன்றின் அரசாங்கப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவர்.

1986இல் அந்தப் பாடசாலைக்குத் தலைமையாசிரியர் பண்டா, மாஸ்டரின் பழைய மாணவன். ஏழாம் வகுப்புச் சோதனையில் தவறும் பிள்ளைக்கு அதோடு படிப்பு முடிந்தது. வகுப்பு முழுவதற்கும் இருந்தது ஒரே கணக்குப் புத்தகம். சோதனைக்கு முதல் புத்தகங்களோடு வருவதாக மாஸ்டர் வாக்குக் கொடுத்தார். மாஸ்டரோடு அதே கொட்டகையில் வேலை செய்த நான், எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவன். ஒரு கணக்குப் புத்தகம் ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் தூக்கிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பள்ளிக்கூடமொன்று கழித்துவிட்ட கணக்குப் புத்தகங்களைச் சேர்த்து, கிழிந்த மூலைகளைப் பழுப்புத் தாள் வைத்து ஒட்டி, பெட்டிகளில் அடுக்கினார்.

"சங்கத்தின்ர பேரில போகட்டும் மாஸ்டர்," என்றார் ஒக்லண்ட் தமிழ்ச் சங்கத் தலைவர் தியாகலிங்கம். பெட்டிகள் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இருந்த அவருடைய கராஜுக்குப் போயின. சரஸ்வதி பூசை அங்கேதான் நடந்தது.

பூசை முடிந்து, சந்தனமும் குங்குமமும் வைத்த பெட்டிகளைத் தூக்கப் போன மாஸ்டர் நின்றுவிட்டார்.

"இது நான் போட்ட முடிச்சில்லை. ஒருக்கா திறந்து பார்ப்பம்."

"பூசை வைச்ச கட்டை அவிழ்க்கிறதோ? இனி அந்தப் பிள்ளையள்தான் திறக்கவேணும். படிப்பிச்ச மனிசன் கதைக்கிற கதையோ உது?" என்றார் தியாகலிங்கம்.

மாஸ்டர் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திறக்கவில்லை.

சாம்பியாவில் பிள்ளைகள் தோய்த்த சட்டையோடு வெயிலில் வரிசையாக நின்றார்கள். பண்டா கயிற்றை அறுத்தான். ஒக்லண்ட் டெலிபோன் டிரெக்டரி. வருமானவரி விளக்கம். படகு எஞ்சின் திருத்தும் முறை. முதல் பக்கங்களில் யாரோ ஒருவருடைய அப்பாவின் படம், 'நினைவாக' என்று. ஒவ்வொரு பெட்டியும் அப்படித்தான். கணக்குப் புத்தகம் ஒன்றுகூட இல்லை.

தாண்டிவே என்ற சிறுமி அந்த ஊர் மரியாதைப்படி முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும் டிரெக்டரியை வாங்கினாள். விரித்து, அதிலிருந்த பெயர்களை உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.

"சேர், இவள் யாருக்குப் போன் எடுக்கிறது?" என்று பண்டா சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "குப்பை கொட்ட எங்களிடமே குழி இருக்கிறது. இதற்கு விமானம் எதற்கு?"

லீவு முடியும்வரை மாஸ்டர் கரும்பலகையில் கணக்கு எழுதினார். அது போதவில்லை. தாண்டிவே தவறினாள். இப்போது சந்தையில் டிரெக்டரித் தாளில் நிலக்கடலை சுற்றி விற்கிறாள் என்று பண்டா பின்னர் எழுதியிருந்தான்.

தைப்பொங்கலுக்குத் தியாகலிங்கம் வீட்டில் சங்கம் கூடியது. பிள்ளைகள் டிரெக்டரிகளோடு நின்ற படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"உதில எங்கட நம்பரும் இருக்குமெல்லோ!" என்றாள் தலைவரின் மனைவி யோகராணி. ஒரே சிரிப்பு.

"மாஸ்டர், கராஜில அரிசி கிடக்கு. ஒரு மூட்டை தூக்கும்," என்று தலைவரும் பின்னால் வந்தார்.

மேல் மூட்டையைத் தூக்கிய மாஸ்டர், அடி மூட்டையையும் சரித்துப் பார்த்தார். கீழே அவருடைய கணக்குப் புத்தகங்கள். ஒட்டிய மூலைகள் ஊறிக் கழன்றிருந்தன.

"ஏன் எடுத்தனீங்கள்?"

"கிழிஞ்சதுகளைச் சரஸ்வதிக்கு முன்னால வைக்கிறதோ? சனம் தாய் தேப்பன்ர பேரில நல்ல தடிச்ச புத்தகமாத் தந்தது. உம்மடையளை நான் எறியேல்லைத்தானே. கால்கூடப் படேல்லை."

மாஸ்டர் மூட்டையை இறக்கக் குனிந்தார்.

"அந்த மூட்டையை நிலத்தில வையாதையும் மாஸ்டர், ஈரம்."

சோதனை முடிந்துவிட்டது. மாஸ்டர் அரிசி மூட்டையைத் தூக்கி, திரும்பவும் அந்தப் புத்தகங்களின் மேலேயே வைத்தார்.