தொட்டிக்கு மூச்சு நின்ற பகல்

“இந்த ஆலைக்கே சோறு போடுறதுங்க இந்தத் தொட்டியிலதான் இருக்கு. ஒருத்தனாவது வந்து எட்டிப் பாக்குறானா?”

பதினேழு வருஷமாகச் சித்தி பாடும் பாட்டு இது. இடுப்பில் கை, மூக்கில் ஒரு சுளிப்பு, கடைசி ‘பாக்குறானா’வில் ஒரு நீள இழுப்பு. நான் இதைச் செய்துகாட்டினால் சித்தப்பா பதறி எழுந்து நின்றுவிடுவார்.

நிலக்கரியை எரிவாயுவாக்கும் ஆலையில் சேறு அள்ளும் தினக்கூலியாகச் சேர்ந்து, கழிவுநீர்ப் பிரிவின் ஆபரேட்டர் ஆனவர் சித்தி. வாயுவைக் கழுவிய தண்ணீர் கறுத்த டீ நிறத்தில், பீனால் நாற்றத்தோடு வரும். முதலில் ஒரு கோபுரத்தில் பீனாலின் பெரும்பகுதியைப் பிரித்தெடுப்பார்கள். மிச்சத்தைச் சித்தியின் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். அளவோடு வந்தால் அது அவற்றுக்குத் தீனி, மிஞ்சினால் விஷம். அவை செத்தால் மறுபடி வளர்க்க ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை ஆலைக்குப் பூட்டுதான்.

அன்று காலை பத்து மணிக்குத் தொட்டியின் ஆக்சிஜன் அளவு இரண்டிலிருந்து ஐந்துக்குத் தாவியது. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நான், மாதிரி எடுக்கப் போயிருந்தேன். சித்தியின் போனில் மேனேஜர். செருமாமல் ஒரு வாக்கியமும் பேசத் தெரியாதவர்.

“க்ஹும்… ஆக்சிஜன் ஏறியிருக்கே, சூப்பர்மா!”

“என்னத்த சூப்பர்? உள்ள இருக்கிறதுங்க மூச்சு விடுறத நிறுத்திடுச்சு சார், அதான் காத்து மிஞ்சுது. கோபுரத்துல ஏதோ கோளாறு. நான் வால்வை மூடுறேன்.”

“க்ஹும்… டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்மா. மூடினா தண்ணி எங்க போகும்?”

“அவசரத் தொட்டிக்கு.”

“அது ஆறு மணி நேரத்துல ரொம்பிடும்! அப்புறம் உலையையே நிறுத்தணும். உங்க வேலை போயிடும், பாத்துக்குங்க!”

சித்தி போனை என் கையில் திணித்துவிட்டு, இரண்டு கையாலும் வால்வுச் சக்கரத்தைச் சுற்றி மூடினார்.

“என்னடா வாயப் பொளந்துட்டு நிக்கிற? ஓடு. பீனால் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். வழக்கத்தைவிடப் பதினோரு மடங்கு. கோபுரத்தில் ஒரு பம்பு நின்றுபோயிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஃபிட்டர்கள் அதைப் பிரித்துப் போட்டார்கள். அவசரத் தொட்டியில் தண்ணீர் பாதிக்கு வந்தது, பிறகு முக்காலுக்கு வந்தது. சித்தியோ சுத்தமான தண்ணீரைத் தொட்டிக்குள் விட்டு, விஷத்தை நீர்க்கச் செய்துகொண்டிருந்தார். மீட்டரில் ஐந்து. நான்கு புள்ளி ஒன்பது. மறுபடி ஐந்து.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களாடா?” என்று தொட்டியைப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றரைக்குப் பம்பு ஓடியது. அவசரத் தொட்டி நிரம்ப ஒரு சாண் பாக்கி. நாலேகாலுக்கு மீட்டர் மூன்றுக்கு இறங்கியது. உள்ளே மறுபடி மூச்சு விடத் தொடங்கியிருந்தார்கள். சித்தி அப்போதுதான் உட்கார்ந்தார்.

மேனேஜர் நேரிலேயே வந்தார்.

“க்ஹும்… நல்லபடியா முடிஞ்சுது, சரி. ஆனா உத்தரவில்லாம மூடினது தப்புதானே? இனிமே செய்யமாட்டேன்னு எழுதிக் குடுங்க.”

“பேப்பர் குடுங்க சார், இப்பவே எழுதுறேன். கேக்காம மூடினேன்னு எழுதுறேன். அடுத்த தடவ இந்தத் தண்ணி வந்தாலும் கேக்காமதான் மூடுவேன்னும் அதுலயே சேத்து எழுதிடுறேன். தனித்தனியா எழுத எனக்கு நேரமில்ல, இதுங்களுக்குத் தீனி வைக்கணும்.”