எட்டு விரல் உயரம்

மாரப்ப ஆசாரி இருபத்திரண்டு வருஷம் மாட்டுவண்டி செய்தவர். 1937 கடைசியில் ஒரே வாரத்தில் அதை விட்டுவிட்டு மோட்டார் பஸ்ஸுக்கு உடல் கட்டப் போனார். பாப்பிரெட்டிப்பட்டி சந்தையில் அந்த வாரம் இதுதான் பேச்சு.

காரணம், மிளகாய் மண்டிக்காரர் ராஜாமணி. பஸ் விடுவதென்று முடிவு செய்து, ஒரு சேஸிஸ் வாங்கி ரயிலில் மொரப்பூருக்கு வரவழைத்திருந்தார். சேஸிஸ் என்றால் ஒரு இன்ஜின், இரும்புச் சட்டம், சக்கரங்கள், அவ்வளவுதான். அங்கிருந்து ஓட்டி வந்த டிரைவர், ஒரு கள்ளிப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து வந்தார். மேலே மரச்சட்டம் நிறுத்தி, தகரம் அடித்து, இருக்கை போட்டு இருபத்திரண்டு பேர் ஏறுகிற வண்டியாக்க வேண்டும். சேலத்துப் பட்டறையில் மூன்று மாதம் கேட்டார்கள். மாரப்பன் நாற்பது நாள் என்றார்.

நாற்பது நாளில் முடிக்க வேண்டுமானால் வேறு வேலை தொடக்கூடாது. அச்சு, ஆரக்கால் கேட்டு வந்த விவசாயிகளை அரூருக்கு அனுப்பிவைத்தார். ஒருமுறை வேறு ஆசாரியிடம் போனவர்கள் திரும்பி வருவது அபூர்வம். அது தெரிந்தேதான் அனுப்பினார். வீட்டில் மனைவி சாலம்மாளும் இரண்டு பெண்களும் இனி இந்தப் பஸ்ஸை நம்பித்தான் இருந்தார்கள்.

இருக்கை செய்வதுதான் அவருக்குப் புதிது. மாட்டுவண்டியில் இருக்கை ஏது? வைக்கோலைப் பரப்பி, மேலே சாக்கு விரித்தால் மாமனார், மருமகள், பேரப்பிள்ளை எல்லோரும் ஒரே தரையில் உட்கார்ந்து போவார்கள். அதனால் சேலத்துக்குப் போய், ஓடுகிற பஸ் ஒன்றில் ஏறி, நூலில் முடிச்சுப் போட்டு எல்லாவற்றையும் அளந்துகொண்டு வந்தார். தரையிலிருந்து இருக்கை ஒரு முழம். அதேபோலச் செய்தார். தேங்காய் நார் திணித்து, மேலே பழுப்பு நிற ரெக்ஸின் தைத்தார். நாற்பதாம் நாள் வண்டி புறப்பட்டது.

முதல் நாளே தகராறு வந்தது. ஆண்கள் ஏறி ஜம்மென்று உட்கார்ந்தார்கள். பெண்கள் ஏறினார்கள், இருக்கையைத் தொட்டுப் பார்த்தார்கள், கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கண்டக்டர் செல்லன் நடுவில் நடக்க வழியில்லாமல் நின்றான். "ஏம்மா, மேல உக்காருங்க. சீட்டு காலியாத்தானே கெடக்குது?"

"இருக்கட்டும்ப்பா. இங்கயே நல்லாத்தான் இருக்குது."

"என்ன நல்லா இருக்குது? புழுதியெல்லாம் மூஞ்சிலதான் அடிக்குது."

"அது எங்க மூஞ்சிதானே, உனக்கென்ன?" என்றாள் கண்ணம்மாள். மெணசிப் பக்கத்து விவசாய வீட்டு மருமகள் அவள். இரண்டு வரிசை முன்னால் அவள் மாமனார் கருப்பண்ணன் உட்கார்ந்திருந்தார்.

கடத்தூர் வளைவில் வண்டி திரும்பியபோது தரையில் இருந்தவர்கள் பிடிக்க ஒன்றுமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஒரு பெண்ணுக்கு இருக்கைக் காலில் நெற்றி இடித்து வீங்கிவிட்டது. பத்து நாளில் பெண்கள் வருவது நின்றது. பெண்கள் வராவிட்டால் குடும்பம் வராது. குடும்பங்கள் பழையபடி மாட்டுவண்டி பூட்டின. பஸ் பாதி காலியாக மொரப்பூருக்குப் போய் வந்தது.

ராஜாமணி பட்டறைக்கு வந்தார். "சேலத்துல பொம்பளைங்க சீட்டுலதானே உக்கார்றாங்க? உன் வண்டியில மட்டும் ஏன் தரைக்குப் போறாங்க? என்னமோ கோளாறா செஞ்சு வச்சிருக்கற."

"அளவு ஒரு நூல் பெசகலைங்க, மொதலாளி."

"அளவெல்லாம் நீயே வச்சுக்க. இன்னும் பன்னெண்டு நாள்ல தீர்த்தமலைத் தேர். அன்னிக்கு வண்டி நெறையலைன்னா, அடுத்த சேஸிஸ் சேலத்துக்குப் போவுது. இதையும் அங்கயே குடுத்துப் பிரிச்சுக் கட்டிக்கறன்."

மாரப்பன் முன்வரிசை இரண்டையும் பெண்களுக்கென்று ஒதுக்கச் சொன்னார். பெரிய ஊர்களில் அப்படித்தான் என்று கேள்விப்பட்டிருந்தார். அது இன்னும் மோசமாகப் போனது. மாமனாருக்கு முன்னால், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவருக்குச் சரிசமமான உயரத்தில் எந்த மருமகள் உட்காருவாள்? முன்வரிசையில் ஒரு மூட்டை மிளகாய்தான் பயணம் செய்தது.

சேலத்தில் பஸ் ஏறுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாது. இந்த வண்டியில் ஏறுகிற எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமன், பெரியப்பன், கொழுந்தன். இதை மாரப்பன் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது, முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த சாலம்மாள் கேட்டாள்:

"உங்கப்பாரு இருந்தப்ப நான் இந்த வூட்டுல எங்க உக்காருவன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் யோசித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இருந்தது பதிமூன்று வருஷம். ஞாபகம் வரவில்லை.

"நின்னுக்கிட்டே இருந்தயா?"

"பதிமூணு வருசமும் நின்னேனா? கால் என்னத்துக்கு ஆவறது? இதா, இதுலதான்." தான் உட்கார்ந்திருந்த பலகையைத் தட்டிக் காட்டினாள். அடியில் இரண்டு கட்டை அடித்த சின்ன மணை. அவரே செய்து கொடுத்தது. "இதுல உக்காந்தா தரையில உக்காந்த கணக்குதான். உங்கப்பாரு ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல."

மாரப்பன் அவளை எழுந்திருக்கச் சொல்லி, மணையை விரலால் அளந்தார். ஐந்து விரல்.

அப்படியானால் எதுவரை தரை, எங்கிருந்து இருக்கை? அதை யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் "உக்காரக் கூடாதுங்க" என்று முடித்துவிடுவார்கள். பஸ் நிற்கிற இடமே அவர் பட்டறை வாசல்தான். புங்கமரத்தடியில் நாலு கட்டைகளைப் போட்டார். ஒன்று நாலு விரல் உயரம், அடுத்தது எட்டு, மூன்றாவது ஒரு சாண், கடைசி ஒரு முழம். போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

சாலம்மாள் வெளியே வந்தாள். "வந்து போற பொம்பளைங்க எங்க உக்கார்றாங்கன்னு இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தீங்கன்னா, ஊருல தோலை உரிச்சிடுவாங்க. உள்ள போங்க. நான் பாத்துச் சொல்றன்."

முறத்தை எடுத்துவந்து அவளே உட்கார்ந்தாள். யாராவது உட்கார்ந்தால் கரித்துண்டால் சுவரில் ஒரு கோடு. உட்கார்ந்தவர் பெரியவரைக் கண்டு எழுந்துவிட்டால் அந்தக் கோட்டின் மேல் ஒரு குறுக்குக் கோடு. மூன்று நாள் இப்படி.

கருப்பண்ணன் வந்து கட்டைகளைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன ஆசாரி, வண்டி வுட்டுட்டு கட்டைக் கடை போட்டுட்டயா?"

"உக்காந்து பாருங்க. எது சவுகரியம்னு சொல்லுங்க."

"எனக்கு எல்லாமே சவுகரியந்தான்," என்று முழக் கட்டையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த மறுநொடி, சாண் கட்டையில் இருந்த கண்ணம்மாள் எழுந்தாள். எட்டு விரல் கட்டையில் இருந்த இன்னொரு மருமகள் எழவில்லை. முந்தானையை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டாள். சுவரில் சாலம்மாள் ஒரு குறுக்குக் கோடு போட்டாள்.

மூன்றாம் நாள் கணக்கு தெளிவாக இருந்தது. சாண் கட்டையில் பத்தொன்பது கோடு, பதினாறு குறுக்கு. எட்டு விரல் கட்டையில் முப்பத்தொரு கோடு, குறுக்கு இரண்டே இரண்டு. அந்த இரண்டும் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண்கள்.

மாரப்பன் பஸ்ஸின் பின்பாதி இருக்கைகளைப் பெயர்த்தார். இரண்டு பக்கமும் நீளவாக்கில் எட்டு விரல் உயரத்துக்குப் பலகை, முதுகுக்குச் சாய்மானம், வளைவில் பிடித்துக்கொள்ளத் தலைக்கு நேராகக் கயிறு. தேருக்கு முந்தின நாள் முடித்தார். தேரன்று வண்டி ஐந்து நடை போனது, ஐந்திலும் செல்லன் படியில் தொங்கிக்கொண்டு போனான்.

ராஜாமணி சுருக்கமாக முடித்தார். "அடுத்த சேஸிஸ் உனக்குத்தான். இதே மாதிரி கட்டு. ஒண்ணும் மாத்தாத."

இதோடு நின்றிருந்தால் மாரப்பனுக்கு நிம்மதி. ஒரு வாரம் கழித்து, அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்த கண்ணம்மாள் நேரே பட்டறைக்கு வந்தாள்.

"ஆசாரியாரே, நேத்து கடத்தூர் வரைக்கும் வண்டியில எங்க முறைக்காரங்க ஒருத்தரும் இல்ல. நான் எதுக்குங்க கீழ உக்காந்து வரணும்? முன்னால வெளியூரு டீச்சரம்மா மேல உக்காந்து மலையெல்லாம் வேடிக்கை பாத்துக்கிட்டு வருது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தகரந்தான்."

"மேல எடம் இருந்தா போயி உக்கார வேண்டியதுதானேம்மா?"

"உக்காரலாமுங்க. கடத்தூர்ல எங்க பெரிய மாமனாரு ஏறுனாரு. அந்தக் கூட்டத்துல முன்னாலருந்து எந்திரிச்சு, எல்லாரையும் தாண்டி, பின்னால வந்து எறங்கி உக்கார்றதுக்குள்ள அவரு பாத்துட மாட்டாரா?"

அவள் போன பிறகு மாரப்பன் வேலை செய்யவில்லை. அவர் பெண்களைத் தரையிலிருந்து எட்டு விரல் தூக்கியிருந்தார். அதோடு அங்கேயே நிறுத்தியும் வைத்திருந்தார். பெரியவர் ஏறுகிற நேரம் கொஞ்சம், ஏறாத நேரம் அதிகம். அவள் கேட்டது அந்த அதிக நேரத்தை.

அடுத்த சேஸிஸ் வந்ததும், அந்தப் புதிய வண்டியில் பின்பாதிக்கு முழ உயர இருக்கையே போட்டார். அதற்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில், எட்டு விரல் உயரத்தில் அகலப் பலகை. மேலே உட்கார்ந்தால் அது கால்பலகை. பெரியவர் ஏறியதும் இருந்த இடத்திலேயே சறுக்கிக் கீழே வந்தால் அதுவே மணை, மேல் இருக்கை சாய்மானம். சறுக்கும்போது புடவை மாட்டாமல் இருக்க இருக்கை விளிம்பை இழைத்து உருட்டினார். கீழே வந்து சரியாக உட்கார முடிகிறதா என்று சாலம்மாள் பலமுறை ஏறி இறங்கிப் பார்த்து, விளிம்பை இன்னும் ஒரு விரல் குறைக்கச் சொன்னாள்.

அகலப் பலகை இடத்தைத் தின்றது. ஒரு வரிசை போய்விட்டது.

ராஜாமணி வந்து பார்த்து, எண்ணி, முகம் சிவந்தார். "நாலு பேரு எடம் போச்சு. மாத்தாதன்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம் யாரைக் கேட்டுச் செஞ்ச?"

"ஏறுறவங்களைக் கேட்டுத்தானுங்க. ஒரு நடை ஓட்டிப் பாருங்க. சரியில்லைன்னா சேலத்துக்கே அனுப்பிடுங்க, நான் மறுபடி சக்கரம் இழைக்கப் போறன்."

"சக்கரம் இழைக்க உன்கிட்ட எவன் வருவான் இப்ப?"

இருந்தாலும் ஒரு நடைக்கு ராஜாமணி சம்மதித்தார்.

முதல் நடையில் ராஜாமணி டிரைவர் பக்கத்தில் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மாரப்பன் கடைசியில் கம்பியைப் பிடித்து நின்றார். பாப்பிரெட்டிப்பட்டியில் ஏறிய பெண்கள் பலகையைப் பார்த்தார்கள், இருக்கையைப் பார்த்தார்கள், கண்ணம்மாளைப் பார்த்தார்கள். அவள் மேலே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மற்ற ஏழு பேரும் ஏறினார்கள்.

கடத்தூரில் கருப்பண்ணன் கைகாட்டி வண்டியை நிறுத்தினார். அவர் தலை படியில் தெரிந்ததும் எட்டுப் பெண்களும் ஒரே அசைவில் கீழே வந்தார்கள். கூட்டத்தில் யாரும் எழவில்லை, யாரும் யாரையும் தாண்டவில்லை. கருப்பண்ணன் உள்ளே வந்தபோது எல்லோரும் அவரவர் மணையில் இருந்தார்கள். அவர் பின்பக்கத்துக் காலி இருக்கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு முன்னால் உட்கார்ந்தார்.

மொரப்பூருக்கு இன்னும் மூன்று மைல் இருந்தது. கருப்பண்ணன் திடீரென்று செல்லனிடம், "இங்கயே நிறுத்து," என்றார்.

"ரயிலடிக்குன்னுதானே டிக்கெட் வாங்குனீங்க?"

"இங்க ஒருத்தனைப் பாக்கணும். நிறுத்துடா."

இறங்குவதற்குப் பின்படிக்கு வந்தவர் மாரப்பன் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் எறங்குனா இவளுங்க மறுபடி மேல ஏறிக்குவாளுங்களா?"

மாரப்பன் தயங்கினார். பிறகு, "ஏறிக்குவாங்க," என்றார்.

"அதான் கேட்டேன். ரோடு வேற குண்டும் குழியுமா கெடக்குது. நடுவுல புள்ளத்தாச்சி ஒருத்தி இருக்கறா." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, யாருமே இல்லாத சோளக்காட்டு வரப்பில் நடக்க ஆரம்பித்தார்.

வண்டி நகர்ந்தது. எட்டுப் பேரும் மேலே ஏறினார்கள். கர்ப்பிணிப் பெண்ணைக் கண்ணம்மாள் கைகொடுத்துத் தூக்கி ஜன்னலோரம் விட்டாள்.

ராஜாமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்தார். ரயிலடியில் இறங்கியவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்சக்கரத்தை உதைத்துப் பார்த்தார்.

"பழைய வண்டியை எத்தனை நாள்ல இப்படி மாத்துவ?"

"ஆறு நாள்."

"அஞ்சு," என்றார் ராஜாமணி. "வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மூணு கல்யாணம் இருக்குது."