சாம்பிளுக்கு ஒரு ஜப்பான்

என் கணவர் எதையாவது என் தலையில் கட்ட நினைத்தால் முதலில் வெங்காயம் நறுக்கித் தருவார். யாரும் கேட்கவே வேண்டாம். அந்த வாரம் முழுக்க ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில் எங்கள் சமையலறையில் வெங்காயம் பொடிப்பொடியாக நறுக்கிக் காத்திருந்தது. என்ன வரப்போகிறதோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூனைக்குட்டி வெளியே வந்தது. அவர் வேலை பார்க்கும் கம்பெனி அவரை இரண்டு வருடத்துக்கு ஜப்பானின் யோகோஹாமாவுக்கு அனுப்பத் தயாராக இருந்தது, குடும்பத்தோடு. எங்கள் வீட்டில் குடும்பம் என்றால் நான் ஒருத்திதான். பத்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

நான் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். அதைப் பாதிச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மனிதர் பிரச்சாரத்தில் இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மடிக்கணினி உட்கார்ந்துகொண்டது. திங்களன்று கியோட்டோ. மலைமேல் வரிசை வரிசையாகச் சிவப்பு வாசல்கள், நடுவே கிமோனோ கட்டிய பெண்கள். செவ்வாயன்று ஒசாகா. கடைவாசலில் ஆளை விடப் பெரிய நண்டு ஒன்று காலை ஆட்டிக்கொண்டிருந்தது. டோக்கியோவுக்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்கியிருந்தார். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ரோட்டைக் கடக்கிற நாற்சந்தி, பூனைகளோடு உட்கார்ந்து காபி குடிக்கிற கடை, பெட்டி மாதிரி அறைக்குள் ஊர்ந்து போய்ப் படுக்கிற விடுதி.

"நாரான்னு ஒரு ஊரு. அங்க மான் எல்லாம் ரோட்டுல நடந்து வந்து நமக்குத் தலை குனிஞ்சு வணக்கம் வைக்கும்!" என்றார்.

"சும்மா வைக்காது. பிஸ்கட் குடுத்தாத்தான் வைக்கும். நானும் அந்த வீடியோ பாத்துட்டேன்" என்றேன்.

பார்த்தேன் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. முகமெல்லாம் பல்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசை வந்திருந்தது. அந்த மான்களை நான் தனியாக மூன்று முறை பார்த்திருந்தேன். ஆனால் வேறு ஒன்று தடுத்தது. அதை விளங்கவைக்க வேண்டுமானால் நான் டார்ம்ஸ்டாட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூரில் நான் பேசாத இடம் கிடையாது. பஸ் கண்டக்டரோடு பேசுவேன், பூக்காரம்மாவோடு பேசுவேன், ராங் நம்பரில் கூப்பிட்டவரோடுகூடப் பேசி ஊரும் பேரும் விசாரித்திருக்கிறேன். கல்யாணமாகி இங்கே வந்து இறங்கிய அன்றே வாயில்லாப் பூச்சி ஆகிப்போனேன். ரொட்டிக் கடையில் விரலால் காட்டி வாங்குவேன். அந்தப் பெண் பக்கத்து ரொட்டியை எடுத்தால் அதையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன், மறுபடி காட்டக் கூச்சம். கணவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவர் ஆபீசில் எல்லாம் ஆங்கிலம். பிறகு நான் மொழி வகுப்பில் சேர்ந்தேன், அழுதேன், தேர்வில் தோற்றேன், மறுபடி எழுதினேன். குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்கான பயிற்சியும் முடித்து இப்போது அங்கேயே ஆசிரியையாக இருக்கிறேன். டிராமில் என் பையைத் தள்ளிவிட்டுப் போன ஒருவரோடு முதன்முதலாக ஜெர்மனில் சண்டை போட்டு ஜெயித்த நாளில், வீட்டுக்கு வந்து முந்திரி தாராளமாகப் போட்டுக் கேசரி கிளறினேன்.

இங்கே எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்குள் இது ஊரறிந்த ஏற்பாடு. கணவன்மார் ஆங்கிலத்தில் சம்பாதிப்பார்கள், மனைவிமார் ஜெர்மனில் குடும்பம் நடத்துவார்கள். வீட்டுக்காரர், ஹீட்டர் ரிப்பேர்காரர், வரி அலுவலகம், இன்ஷூரன்ஸ் எல்லாமே என் பாடு. இவருக்குப் பல் வலித்தால்கூட அந்த வலியை டாக்டரிடம் நான்தான் சொல்ல வேண்டும். டாக்டர் என்னைக் கேட்பார், நான் திரும்பி "மேலயா கீழயா?" என்று இவரைக் கேட்பேன், இவர் வாயைத் திறந்து விரலால் காட்டுவார்.

கீழ்வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். இந்த ஊரில் பல வருடப் பழக்கம் உள்ளவர். மாடிப்படியில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயோ, திரும்பவும் முதலிலையிருந்தோ? என்னாலை எண்டால் ஏலாது" என்றார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டார். "ஆனால் போறதெண்டால் எனக்கு ஒரு நல்ல ரைஸ் குக்கர் கொண்டு வாங்கோ. ஜப்பான் குக்கர் பழுதாகாதாம்."

இப்படி ஆலோசனை கேட்கப் போன இடத்தில் ஆர்டர் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

சனிக்கிழமை காலையில் கணவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். டுசெல்டார்ஃப் நகரத்தில் ஜப்பான்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய தெருக்கள் இருக்கின்றன, ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல் என்றார். ஜவுளிக் கடையில் புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டுவது போலத்தான். போட்டுப் பார்க்க நமக்கென்ன வந்தது என்று கிளம்பினேன்.

போகிற ரயில் தாமதம். பிளாட்பாரத்தில் நின்ற நேரம் முழுக்க, ஜப்பானில் ரயில் ஒரு நிமிடம் பிந்தினால் எப்படி மன்னிப்புக் கேட்பார்கள் என்று பாடம் நடத்தினார். அறிவிப்பு வந்தபோது மட்டும் பேச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். வேறு பிளாட்பாரமாம் என்று நான் சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டுசெல்டார்ஃப் என்னை ஏமாற்றவில்லை. ஸ்டேஷனை விட்டு நடந்தால் கொஞ்ச தூரத்திலேயே கடைப் பலகைகள் எழுத்து மாறிவிட்டன. ஒரு பேக்கரியில் முலாம்பழத் தோல் போலக் கோடு கிழித்த பன் வாங்கினோம். முலாம்பழ வாசனை துளியும் இல்லை, ஆனால் ருசியாக இருந்தது. புத்தகக் கடையில் ஜெர்மன் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஜப்பானியப் படக்கதைகளை, அந்த ஊர் வழக்கப்படி, கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கடைவாசலில், காசு போட்டுப் பிடியைத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை வருகிற பெட்டிகள் வரிசையாக நின்றன. கணவர் பூனை பொம்மைக்குத் திருகினார். சோற்றுருண்டைக்குக் கண்ணும் மூக்கும் வைத்த பொம்மை வந்தது. மறுபடி திருகினார். மறுபடியும் சோற்றுருண்டை. பின்னால் நின்ற குழந்தை அழ ஆரம்பிக்கும்வரை அவர் நகரவில்லை.

மதியம் நூடுல்ஸ் கடை. வாசலில் வரிசை நின்றது, நாங்களும் நின்றோம். நான் சைவம். இவர் ரகசியமாகக் கைப்பேசியில் ஜப்பானிய மொழி படித்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார், 'இப்போ பாரு' என்கிற பார்வை. பரிமாற வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அவரிடம் இவர் மீன், இறைச்சி எதுவும் வேண்டாம் என்று ஜப்பானியத்தில் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த அம்மா மகிழ்ந்துபோனார். கையைக் கூப்பாத குறை. அப்புறம் ஜப்பானியத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தார். அது நீண்டுகொண்டே போனது. எங்கேயோ ஏறி எங்கேயோ இறங்கிக் கடைசியில் கேள்வியாக வந்து நின்றது. இவர் நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அந்த அம்மா பொறுமையாக மறுபடி முதலிலிருந்து சொன்னார். இவர் இன்னும் நன்றாக ஆட்டினார். மூன்றாம் முறை கேட்கும்போது அவர் குரலில் கவலை வந்துவிட்டது. இவர் நெற்றியில் வியர்வை. அப்புறம் பல் டாக்டரிடம் செய்வது போல மெல்ல என் பக்கம் திரும்பினார்.

நான் ஜெர்மனில் கேட்டேன். அந்த அம்மாவுக்கு உயிர் வந்தது. காய்கறி சூப் என்று எழுதியிருப்பதிலும் காய்ந்த மீன் ஊறியிருக்கும், அது பரவாயில்லையா என்றுதான் இவ்வளவு நேரம் கேட்டாராம். கடல்பாசியும் காளானும் மட்டும் போட்டுத் தனியாகச் செய்து தருகிறேன் என்றார். அவருடைய ஜெர்மன் என்னுடையதைப் போலவே அங்கங்கே நொண்டியது. அதனால் எங்களுக்குள் சட்டென்று ஒட்டிக்கொண்டது. எந்த ஊர், எப்போது வந்தாய் என்று பேச்சு வளர்ந்தது. அவரும் கணவருடைய கம்பெனி அனுப்பித்தான் வந்தாராம். இரண்டே வருடம் என்றுதான் சொன்னார்களாம். முதல் குளிர்காலம் முழுக்க வீட்டுத் தொலைக்காட்சியோடு மட்டும் பேசினாராம், அதுவும் வானிலை அறிக்கை வாசிப்பவரோடு, அவர்தான் தினமும் தவறாமல் வருவாராம். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ரொட்டிக் கடைக் கதையைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் கணவர்.

"சூப் நல்லா இருக்குமாம்."

சூப் நிஜமாகவே நன்றாக இருந்தது. ஜப்பானில் உறிஞ்சிக் குடிப்பதுதான் மரியாதை என்று சொல்லி இவர் சத்தமாக உறிஞ்சினார். இந்த மரியாதையை என் ரசத்துக்கு இவர் எப்போதோ செலுத்தத் தொடங்கிவிட்டார். ஆனால் முகத்தில் காலையில் இருந்த வெளிச்சம் குறைந்திருந்தது.

சாப்பிட்டு முடித்து ரைன் நதிப் பக்கம் இருக்கிற பெரிய பூங்காவுக்குப் போனோம். அதற்குள் ஒரு ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது. பைன் மரங்களைக்கூடத் தலை சீவி நிறுத்தியிருந்தார்கள். குளத்தோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். தடித்தடியாகச் சிவப்பு மீன்கள் வாயைத் திறந்து மூடிக்கொண்டு வந்தன.

"இப்பவாவது சொல்லு. அந்தம்மா சூப்பு நல்லா இருக்கும்னா அவ்வளவு நேரம் சொன்னாங்க?"

சொன்னேன். வானிலை அறிக்கை வரைக்கும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "ஆனா உனக்குத்தான் மொழி சீக்கிரம் வந்துருமே" என்றார்.

அந்தப் பாராட்டைத் தூக்கிக் குளத்தில் வீச வேண்டும்போல இருந்தது.

"எனக்குத் தானா வரலைங்க. நான் வரவழைச்சேன். பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுது வரவழைச்சேன். இப்பத்தான் எனக்கு மறுபடி வாய் மொளைச்சிருக்கு. புள்ளைங்க எங்கிட்ட ஓடி வந்து கதை சொல்லுதுங்க, எனக்குப் புரியுது. அதை வெட்டி எறிஞ்சிட்டு யோகோஹாமால போயி மறுபடியும் விரலை நீட்டணுமா? அங்கயும் உங்க ஆபீஸ் இங்கிலீஷ்தானே? அங்கயும் உங்க பல்லு வலிய நான்தானே சொல்லணும்?"

குரல் எப்போது உயர்ந்தது என்று எனக்கே தெரியாது. குளத்துக்கு அந்தப் பக்கம் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கத்தான் இவ்வளவு நாளும் யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் சொல்லிவிட்டேன்.

அவர் மீன்களைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்தம்மா மூணாவது தடவை கேட்டப்ப எனக்கு எந்திரிச்சு ஓடிறலாம்னு இருந்துச்சு" என்றார். "ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. நீ அப்படியே வருஷக்கணக்கா இருந்திருக்க." பிறகு, "நான் இன்னும் ஜெர்மனிக்கே வந்து சேரலை போலருக்கு" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வெங்காயத்தை நானே நறுக்கினேன்.

திங்களன்று காப்பகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஜப்பான் அவருக்குச் சின்ன வயதிலிருந்து இருக்கிற ஆசை என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாட்களில் அந்த ஊர் அதிவேக ரயிலின் படத்தைக் கணக்கு நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்தவர். அந்த மனிதரிடம் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேனே என்று நெஞ்சு உறுத்தியது. போகலாம் என்று சொல்லிவிடலாமா என்று மதியம் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்தேன். ஒரு குழந்தை வந்து, என் மடியில் ஏறி உட்கார்ந்து, தன் நாய்க்குட்டி செருப்பைத் தின்ற கதையை ஆரம்பித்தது. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்து காலணியைக் கழற்றினார்.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"வரலைன்னு."

"வருத்தமா இருக்கா?"

"ரொம்ப" என்றார். பொய் சொல்லாமல் அதைச் சொன்னாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்காகத் துக்கமாகவும் எனக்காகச் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே அழுகையாக அழுது முடித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மடிக்கணினியை நானே திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"ரெண்டு வருஷம்தான் ஆகாது. ரெண்டு வாரம் போலாம். கியோட்டோ, ஒசாகா, உங்க ரயிலு, அந்த மானு, எல்லாம் பாக்கலாம். ஆனா ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"அங்க போனா நான் வாயே திறக்கமாட்டேன். வழி கேக்கறது, சாப்பாடு சொல்றது, சண்டை போடறது எல்லாம் நீங்கதான். என்ன சொன்னாங்கன்னு நான்தான் உங்களைக் கேப்பேன்."

அவர் என்னைக் கொஞ்சம் கலவரத்தோடு பார்த்தார். பிறகு கைப்பேசியோடு அடுத்த அறைக்குப் போய் ஜப்பானிய மொழியின் முதல் பாடத்தை மறுபடி தொடங்கினார். அங்கிருந்து வெகுநேரம் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே வரியைத் தப்புத்தப்பாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். என்னுடைய முதல் வருடத்தை வேறு யாரோ படித்துக் காட்டுவது போல இருந்தது. நான் கதவைச் சாத்தவில்லை.