ஜீப் சொன்ன பொய்யும் நான் எழுதிய பொய்யும்

போன வாரம் பேளுக்குறிச்சி சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வருஷத்துக்கான மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் பின் சீட்டில். நான் தும்மியபடியே ஜீப்பை ஓட்ட, பக்கத்தில் மனைவி போனில் மேப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாராவாரம் வந்துபோகிற மலை ரோட்டுக்கு எதற்கு மேப்? புதுப் போன்... அவ்வளவுதான்.

மலைமேல் வளப்பூர் நாட்டில் — சில ஊர்கள் சேர்ந்தால் இங்கே ஒரு நாடு — எங்கள் வீட்டு முன்னால் வண்டி நின்றது. மனைவி இறங்கவில்லை.

"ஏனுங்க, போன்ல நாப்பத்திரெண்டு கிலோமீட்டர்ங்குது. உங்க ஜீப்புல எவ்வளவு?"

கிளம்பும்போது ரீடிங் பார்த்து வைப்பது என் வழக்கம். கழித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டுதான் வந்தது.

"போன் தப்பாக் காட்டும்."

"ரோட்டோரக் கல்லையும் தப்பாவா நட்டு வெச்சிருக்காங்க? வரும்போது எண்ணிக்கிட்டுத்தானுங்க வந்தேன்."

மனைவி இங்கே அரசுப் பள்ளியில் டீச்சர். கணக்கில் அவரோடு வாதம் செய்து நான் ஜெயித்ததில்லை. ஆனால் அன்றைக்கு நான் பயந்தது அதற்காக இல்லை.

இந்தப் பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மழைக்காலம் முடிந்த சமயத்தில், என் ஜீப்பின் மைலேஜ் விழுந்துபோன கதையை எழுதியிருந்தேன். லிட்டருக்குப் பதினொன்று கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, திடீரென்று ஒன்பதைத் தாண்ட மாட்டேன் என்றது. கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறவன் கூட அப்படிக் கவலைப்பட்டிருக்க மாட்டான்.

எதைத்தான் பார்க்கவில்லை? ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். டீசல் ஃபில்டரை மாற்றினேன். டீசல் பீய்ச்சும் நாசிலைச் சோதித்தாயிற்று. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பார்த்தேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற லீவர் மாட்டிக்கொண்டிருக்கிறதோ என்று அதையும் ஆட்டிப் பார்த்தேன். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் அது ஒரு வழக்கமான வியாதி. எல்லாம் சரியாக இருந்தன.

வண்டியில் குறை இல்லை என்றால் டீசலில்தானே குறை? எவ்வளவு அழகான லாஜிக்...

அப்படியே எழுதிவிட்டேன். அடிவாரத்து பங்க் ஒன்றில் அளவில் கைவைக்கிறார்கள் என்று. பங்க்கின் பெயரைச் சொல்லவில்லை — அதை ஒரு பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் எங்கே டீசல் போடுகிறேன் என்பது மலையில் பாதிப்பேருக்குத் தெரியும். கடிதங்கள் குவிந்தன. 'தைரியமாக எழுதினீர்கள்' என்று ஒருவர் பாராட்டியிருந்தார். நானும் வெட்கமில்லாமல் நன்றி போட்டேன்.

எழுத மறந்தது ஒன்றுதான். அந்த மழைக்கு முன்னால் ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டிருந்தேன். சேறு கடிக்கிற பல் வைத்த, தாட்டியான டயர். தேவை? ஒன்றுமில்லை. வண்டி எடுப்பாகத் தெரிந்தது. செம்மேட்டுக் கடைவீதியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "டிராக்டர் மாதிரி இருக்குதுங்க" என்றார் மனைவி. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. அது பழைய டயர்க் கணக்கிலேயே சுற்றை எண்ணிக்கொண்டிருக்கும். நாற்பத்திரண்டு ஓடினால் முப்பத்தெட்டு என்று காட்டும். போதாததற்கு டயரின் பாரம், அந்தப் பல் ரோட்டைப் பிடித்து இழுப்பது... அது கொஞ்சம் டீசலை நிஜமாகவே குடிக்கும். ஆக, மைலேஜில் பாதியை மீட்டர் தின்றது. மீதியை என் ஜம்பம் தின்றது. பங்க்காரர் ஒரு சொட்டு கூடத் தின்னவில்லை.

மறுநாளே மலை இறங்கினேன். மன்னிப்புக் கேட்பது பெரிய விஷயமா என்ன, சரசு இருப்பார், சிரித்துப் பேசி முடித்துவிடலாம் என்றுதான் போனேன்.

சரசு அந்த பங்க்கில் டீசல் போடுகிறவர். வளப்பூர் நாட்டுப் பெண்தான். என்னுடைய தீவிர வாசகி. டேங்க் நிறைவதற்குள் போன வாரக் கட்டுரையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் விட மாட்டார். டயர் போட்ட பிறகு ஊர் ஊராகச் சுற்றியதில் அந்தப் பக்கம் போய் நாளாகியிருந்தது. இல்லை... அதுவும் பொய். எழுதிவிட்டு அந்த பங்க்கில் போய் நிற்க முடியாமல் நாமக்கல்லில் டீசல் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே மைலேஜ் ஏறியதா என்று கணக்குப் பார்க்கவும் இல்லை.

பங்க்கில் சரசு இல்லை. ஓனர் இருந்தார். டயர் கதையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்க எழுதினது கூடப் பரவாயில்லீங்க. சரசு அதைப் படிச்சுட்டு வந்து எல்லார் முன்னாலயும், 'மெசின்ல என்னமோ பண்ணிட்டு, என் கையால ஊத்த வெக்கறீங்களே'ன்னு கேட்டுருச்சு. அஞ்சு லிட்டர் அளவுக் கேனை எடுத்து, அது கையாலயே ஊத்தச் சொன்னேன். கோட்டுல சரியா நின்னுது. அப்பவும் நம்பலீங்க."

"ஏன்?"

"சார் பொய் எழுத மாட்டாருன்னுருச்சு."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"நம்பிக்கையில்லாத இடத்துல எப்படிங்க வேலை செய்யறது? அதுவே கணக்கை முடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. நான் போகச் சொல்லலீங்க."

கண்ணெதிரே கேன் சொல்கிறது. தன் கையே சொல்கிறது. அதையெல்லாம் தள்ளிவிட்டு, ஒருத்தன் பந்தாவுக்காக எழுதியதை அந்தப் பெண் நம்பியிருக்கிறார். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் உண்டா? இதைவிடப் பெரிய அசிங்கம் உண்டா? கூசிப்போய் மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு அந்த டயர்கள் 'நறநற' என்றன.

சரசு தன் அம்மா வீட்டில் இருந்தார். வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவர் ஜீப்பைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், எங்க ஊட்டுக்கே வந்துட்டீங்களா? நான் வேலையை உட்டது உங்களுக்குத் தெரிஞ்சுருச்சுங்களா?" அவர் முகத்தில் ஒரு பெருமை. நான் பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

சொன்னேன். டயர், மீட்டர், நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு எல்லாம். சரசு ஜீப்பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"அப்போ நான் ஓனரைத் திருடன்னது?"

"தப்பு என்னுதும்மா" என்றேன். அது பதில் ஆகுமா?

"பிள்ளைங்க பீஸு கட்டோணும்னாலும் பரவாயில்லைன்னு வேலையை உட்டேனுங்க. நாயத்துக்காக உட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன்."

"நானே உங்களைக் கூட்டிட்டுப் போய் ஓனர்கிட்ட பேசறேன். வாங்க, ஜீப்பிலேயே போகலாம்."

"வேண்டாங்க." குரல் உயரவில்லை. "வாய்ல சொன்னா எனக்காகச் சொல்றீங்கம்பாங்க. எழுதுங்க. அது வரட்டும். அந்தப் புஸ்தகத்தைக் கையில எடுத்துட்டு நானே பஸ்ஸுல போயி, அதே மாதிரி எல்லார் முன்னாலயும் அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

திரும்ப வேலை கொடுப்பாரா என்று ஓனரிடம் நான் முன்பே கேட்டிருந்தேன். "வந்தா வரட்டுங்க" என்றிருந்தார். அதைச் சொன்னேன். சரசு தலையாட்டினாரே தவிர, சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார். நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் இறங்கவில்லை.

டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பும்போது சரசு கூப்பிட்டார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? இனிமேல் எழுதும்போது, தெரிஞ்சு எழுதறது எது, தெரியாம எழுதறது எதுன்னு ஒரு அடையாளம் போட்டுருங்க. எங்களுக்குப் பிரிக்கத் தெரியலீங்க."

இத்தனை வருஷம் எழுதிய அத்தனை பக்கங்களும் ஒருமுறை கண்முன்னால் வந்துபோயின. அதில் எத்தனைக்கு என்னால் அந்த அடையாளத்தைப் போட முடியும்?

இதற்குப் போட முடியும், சரசு. இந்த வாரம் எழுதியது அத்தனையும் தெரிந்து எழுதியது... பஸ் ஏறுங்கள்.