தே ஆற்றும் கை

பிரிஞ்சாங் மலையூரில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு நானா கடையில், தே தாரிக் எனும் நுரை பொங்கும் பால் தேநீரை உயரத் தூக்கி ஆற்றுகிறவர் அவர். குள்ளமான உருவம், காதை மூடிய கம்பளித் தொப்பி. கடை லீவு என்றால் போதும், கழுத்தில் கேமராவோடு தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் காட்டுக்கு வந்துவிடுவார், பாசி பிடித்த முந்நூறு வருஷத்துக் கிழட்டு மரங்களைப் படமெடுக்க. ரிங்லெட் பள்ளிக்கூடத்து ஆசிரியையான நான் காலை நடை போனபோது அங்கேதான் அவரைப் பார்த்தேன்.

படமெடுக்கும் விதம்தான் வேடிக்கை. பட்டனை அமுக்கியதும் கேமராவை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பார், கடையில் தே ஆற்றுவது போலவே. கொழுந்து பறிக்க வந்த அக்கா ஒருவர், பாவம் குளிரில் கை நடுங்குகிறது என்று நினைத்து, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஆற்றாத தேத்தண்ணி. நானா அதை முகம் சுளிக்காமல் குடித்தார்.

"என்ன நானா, படமெல்லாம் ஆடிப்போயிருக்குமே?" என்றேன்.

கேமராத் திரையைக் காட்டினார். மரம் பச்சையும் பழுப்புமாக, ஈரத் தூரிகையால் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஆத்தாம குடுத்தா தே ருசிக்காது டீச்சர். மரமும் அப்படித்தான் லா."

எனக்கும் ஆசை வந்துவிட்டது. "என்னையும் இதே மாதிரி ஓவியமா எடுங்க" என்று மரத்தடியில் நின்றேன். அவரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை அசைக்காமல் எடுத்தார். படத்தில் என் முகச் சுருக்கம் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஏன் நானா ஆத்தல?"

"இன்னும் முந்நூறு வருஷம் போகட்டும் டீச்சர், ஆத்தியே எடுத்துத் தரேன்."

பாராட்டினாரா, கேலி செய்தாரா? கேட்டுவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் அந்தக் கடைக்குப் போகிறேன். தே குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.