வெறும் பாத்தி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். படுக்கை விரிப்பில் துளிக் கறை மிச்சமிருந்தாலும் வெடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள், விடுமுறை நாளும் அதுவுமாக, காலையில் சத்தமே இல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருந்தாள். வீட்டுக்காரரின் சலூனை இனி நடத்திக்கொள்ளச் சொல்லி, சாவியை அடுத்த தெருவில் முடிவெட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டாள். அது வீட்டுக்காரருக்குத் தெரியாது.

பின்னே என்ன செய்வாள்? பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விழுந்துபோய் மாதக்கணக்காகிறது. பேச்சும் நடையும் தேறிவிட்டன. கை மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி அசைந்து கொடுக்கவில்லை. "இனிமே கத்தரி பிடிக்கிறது கஷ்டம்மா" என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கடை அவருக்கு உயிராயிற்றே! அவரிடம் எப்படிச் சொல்வது? கொல்லையில் உருளைக்கிழங்கு விளைந்திருக்கிறது, தோண்டி எடுத்து அவருக்குப் பிடித்த மாதிரி மொறுமொறுவென்று வறுத்துப் போட்டு, சாப்பிடும்போது மெல்லச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுக்களையில் முளைவிட்டுக் கிடந்த கிழங்குகளை, முளைக்கு ஒரு துண்டாக நறுக்கி அவளேதான் ஊன்றியிருந்தாள். செடி எழும்ப எழும்பத் தண்டைச் சுற்றி மண் அணைத்தாள். வேலைக்குக் கிளம்புமுன் அவரைப் பாத்தியோரம் குட்டை நாற்காலியில் வெயில் படும்படி உட்காரவைப்பாள். "காவலுக்கு ஆள் போட்டாச்சு" என்று கேலி வேறு. இப்போது இலையெல்லாம் பழுத்துச் சாய்ந்துவிட்டது.

கிழங்கில் வெட்டு விழாதபடி செடியை விட்டுச் சற்றுத் தள்ளி மண்வெட்டியைப் போட்டு முதல் செடியைப் பெயர்த்தாள். ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெறி பிடித்தவள் போல வரிசை முழுக்கப் பெயர்த்தாள். வேரோடு வெள்ளை நூல் மாதிரி தண்டுகள் தொங்கின, நுனியில் இருக்க வேண்டிய கிழங்கைக் காணோம். எலி தின்றிருந்தால் கடித்த துண்டாவது கிடக்கும். இது செடி சாயாமல் மண்ணுக்குள் கைவிட்டுத் தடவி எடுத்த வேலை. மேல்மண்ணைத் தட்டிச் சமன் வேறு செய்திருக்கிறார்கள். அடப்பாவிகளா! அவரானால் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

கொல்லைக்குள் வந்துபோகிற ஒரே ஆள் பக்கத்து வீட்டு நாத்தனார். வேலியோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, கேட்டா கொடுக்க மாட்டேனா? இப்படிக் கமுக்கமா வழிச்சு எடுத்துட்டுப் போயிருக்கியே!"

நாத்தனாருக்கு முகம் செத்துப்போனது. "என்ன அண்ணி இது? என் அண்ணன் வீட்டுல நான் திருடுவேனா?" என்று அழத் தொடங்கினாள்.

"அவளை ஏன் திட்டுறே? நான்தான் எடுத்தேன்" என்றார் நாற்காலியிலிருந்தவர்.

"நீங்களா? எந்தக் கையால?"

நாற்காலிக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடியிருந்த பெயிண்ட் டப்பாவுக்குள் அவர் வலது கையை விட்டார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஒரு உருளைக்கிழங்கை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

டாக்டரே கைவிட்ட கை அது! இத்தனை நாளும் குழாயடியில் மண்ணைக் கழுவிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறார் மனுஷன்.

"நீ போனதும் கீழ இறங்கி இந்தக் கையாலயே மண்ணைக் கிளறுவேன். முதல்ல விரல் மடங்கவே இல்ல. அப்புறம் கோலிக்குண்டு அளவுல ஒண்ணு சிக்குச்சு. பாதியில சொன்னா நீ ஆசைப்பட்டு ஏமாந்துடுவேன்னுதான் சொல்லல." அவர் முகம் பூரித்திருந்தது. "இனி கத்தரியைப் பிடிச்சுப் பார்க்கணும். கடைச் சாவி எங்க வச்சிருக்கே?"

அவள் ஆடிப்போய்விட்டாள்.

"கொடுத்துட்டேங்க... அடுத்த தெருக் கடைக்காரர்கிட்ட... காலையிலதான்... இனிமே கை வராதுன்னு நினைச்சு..."

கிழங்கு நழுவி விழுந்தது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, அதே கையால் மண்ணைத் துழாவி, விழுந்ததை மறுபடி எடுத்தார்.

"இன்னும் ஏன் அண்ணி மரம் மாதிரி நிக்கிறீங்க? ஓடுங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டே நாத்தனார் கத்தினாள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். அடுத்த தெருக் கடைவாசலில் மூச்சிரைக்க நின்று, மண் அப்பிய கையை நீட்டினாள்.

"அண்ணே, என்னை என்ன வேணா திட்டுங்க. அந்தச் சாவியை மட்டும் கொடுத்துடுங்க."