தம்பிக்கு மட்டும் கிடைத்த டெஸ்டுகள்

தம்பிக்குக் கிடைப்பதெல்லாம் எனக்கும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற வயது அது. அவனுக்கு வந்த வருத்தத்தைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

வருத்தம், அதாவது நோய் என்றால், முதலாம் ஆண்டில் சேர்ந்ததிலிருந்து தம்பி பள்ளிக்கூட வேனில் காற்சட்டையை நனைத்துக்கொண்டு வந்தான். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வேன் நிற்கும். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரிக்க, புத்தகப் பையால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு அவன் இறங்குவான். பின்னாலேயே அவனுடைய ராத்தாவாகிய நான். எனக்கு வெட்கம்தான், ஆனால் வெட்கத்தைவிடப் பொறாமை பெரிது. நான் நனைத்திருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அவன் நனைத்தால் உம்மா, "என்ட புள்ளைக்கு உள்ளுக்கு என்னமோ ஈக்கு" என்று கட்டிப்பிடித்துக்கொள்வார்.

முதலில் சந்தி டொக்டரிடம் போனார்கள். அவர் சிறுநீரைச் சோதித்தார், சீனி வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி, நேரத்துக்கு நேரம் போகப் பழக்குங்கள் என்று அனுப்பிவிட்டார். உம்மாவுக்கு உயிர் வந்தது. வாப்பாவுக்கு அது போதவில்லை. "ஒன்டுமில்லாம எப்புடி நனையும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்து இரத்தம் எடுத்தார்கள். அதுவும் சரி. அதற்கடுத்து ஸ்கேன்.

ஒவ்வொரு டெஸ்டுக்கும் வாப்பா கடையை மூடினார். என் பரிசளிப்பு விழாவுக்கு மூடாத கடை! நான் மேடையில் ஏறியபோது கீழே உம்மா மட்டும்தான் இருந்தார். இந்த மூத்திரப் பயலுக்கோ முச்சக்கரவண்டி, வாப்பா, உம்மா, திரும்பி வரும்போது ரோல்ஸ். வீட்டில் தனியாக விட ஆளில்லை என்பதால் என்னையும் ஏற்றிக்கொள்வார்கள்.

ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இருக்கவேண்டும். வாப்பா அவனுக்கு ஒரு பெரிய போத்தலை வாங்கிக் கொடுத்தார். எனக்கும் வேண்டுமென்று அடம்பிடித்து நானும் குடித்தேன். அங்கிருந்த பிள்ளைகள் நெளிந்தன, அழுதன. நான் பாதியில் கக்கூசுக்கு ஓடிவிட்டேன். தம்பி மட்டும் காலை ஆட்டிக்கொண்டு கதிரையில் அமைதியாக உட்கார்ந்திருந்தான். கெட்டிக்காரப் பிள்ளை என்று தாதி கன்னத்தைத் தட்டினார். அந்தக் கெட்டித்தனத்தில்தான் எல்லா விசயமும் இருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அதன் பிறகு கடைக்கு வந்த யாரோ வாப்பாவிடம் இன்னொரு டெஸ்டைச் சொன்னார்கள். ஒன்றுக்குப் போகும் துவாரத்தால் குழாய் விட்டு, மருந்து ஏற்றி, படம் பிடிப்பார்களாம். கேட்டதுமே தம்பி உம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டான்.

"பச்சப் புள்ளைக்கு இன்னும் எத்தின டெஸ்ட்? நீங்க மொதல்ல படுத்துப் பாருங்க அந்தக் குழாயோட" என்று உம்மா சீறினார்.

வாப்பா தம்பியைத் தூக்கி மடியில் வைத்தார். "அழாம எடுத்தா சைக்கிள் வாங்கித் தருவன் மகன்" என்றார்.

சைக்கிள்! போன நோன்புப் பெருநாளிலிருந்து நான் கெஞ்சிக்கொண்டிருந்த சைக்கிள். பொம்பிளப் புள்ளைக்கு என்னத்துக்கு என்று எனக்கு மறுத்த சைக்கிள். அன்று நான் சோற்றைத் தொடவில்லை. அதையும் ஒருவரும் கவனிக்கவில்லை.

பேராதனையில் ஒரு விசேட டொக்டரிடம் அந்தக் குழாய் டெஸ்டுக்குக் கடிதம் வாங்கப் போனோம். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. பழைய ரிப்போட்டுகளை எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்தில ஒண்டுக்குப் போறனீங்களோ, ராசா?" என்று தம்பியிடம் கேட்டார்.

"போவாரு, போவாரு" என்றார் வாப்பா. தம்பியும் தலையாட்டினான்.

சைக்கிள் என் கண்முன்னே உருண்டு போனது. என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"பொய்! அவன் ஒருநாளும் போறல்ல!" என்று கத்தினேன். "அவனுக்கு வருத்தமே இல்ல. ஸ்கூல் கக்கூசுல தண்ணி வாறல்லண்டு ஊட்டுக்கு வரும்வர அடக்கிட்டு இரிக்கிறான்!"

உம்மா என் தொடையில் கிள்ளினார். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். தம்பி ஓவென்று அழ ஆரம்பித்தான். தேம்பலுக்கு நடுவே அவன் சொன்னது இதுதான்: கழுவாம எழும்பினா செத்தப் பொறகு கபுருக் குழியில வேதனையாம், மத்ரஸாவுல ஹஸ்ரத் செல்லித் தந்தாங்க.

எனக்கும் அதே ஹஸ்ரத்தான் அதைச் சொல்லித் தந்தார். நான் காதில் வாங்கவில்லை, அவன் வாங்கிவிட்டான். சுத்தமாக இருக்கவேண்டுமென்று மதியம்வரை அடக்கி, கடைசியில் வேனில் நனைந்து வந்தான்.

டொக்டர் அவனைப் படுக்கவைத்து வயிற்றை அமத்திப் பார்த்தார். வெளிக்குப் போவதையும் அடக்கியிருக்கிறான், வயிறு கல்லாகக் கிடக்கிறது, அது சிறுநீர்ப்பையை அமத்துவதால்தான் தாங்கமுடியாமல் போகிறது என்றார். மலம் இளக மருந்து எழுதினார். கக்கூசுக்கென்று தனியாக ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்துவிடச் சொன்னார். "இப்ப குழாய் வேண்டாம். மருந்தைக் குடுத்துப் பாப்பம். காய்ச்சல், எரிவு வந்தால் உடன வாங்கோ, அப்ப யோசிப்பம்."

"இருந்தாலும் டொக்டர், ஒருக்கா எடுத்துப் பாத்துட்டா..." என்று வாப்பா இழுத்தார்.

"எடுத்தால் உங்கட பயம் போகும். பிள்ளைக்குப் பயம் பிடிக்கும்" என்றார் அவர். பிறகு குரலைத் தணித்து, "உங்கட குடும்பத்தில ஆருக்கும் கிட்னி வருத்தம் இருந்ததோ?" என்று கேட்டார்.

வாப்பா மேசையிலிருந்த ரிப்போட்டுகளை அடுக்கத் தொடங்கினார். உம்மாதான் பதில் சொன்னார். "இவர்ட தம்பிக்கி. அவருக்கும் மொதல்ல ஒன்டுமில்லண்டுதான் சென்னாங்க."

வாப்பாவின் அந்தத் தம்பியை, சின்ன சாச்சாவை, எனக்குக் கொஞ்சம் நினைவிருந்தது. வீங்கிய காலோடு எங்கள் வீட்டில் வந்து படுத்திருப்பார், பிறகு வரவில்லை. அந்த நேரத்தில் சாச்சாவின் கதை எனக்கு எதற்கு? டெஸ்ட் இல்லை, ஆகவே சைக்கிளும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

ஆனால் திரும்பும் வழியில் அந்தச் சந்தோசமும் நிலைக்கவில்லை. என்னால்தான் குழாயிலிருந்து தப்பியதாக நினைத்துத் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் தலையிலோ வாப்பாவின் கை இருந்தது. கட்டுகஸ்தோட்டை வரும்வரை அதை எடுக்கவேயில்லை. என் தலையில் ஒருநாளாவது அப்படி வைத்தாரா என்று முறைத்துக்கொண்டே வந்தேன். வண்டி சந்தியில் நின்றபோதும் அந்தக் கை அவன் தலையைத் தன்னோடு இறுக்கி வைத்திருந்ததையும் பார்த்தேன். முச்சக்கரவண்டியின் குலுக்கலுக்குப் பயந்து என்று நினைத்துக்கொண்டேன்.